கையில் இருப்பது வெறும் கல்லா, புதைபடிவமா? தோற்றத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

அரியலூர் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். அந்த ஒரே காரணத்தால், சுற்றுவட்டாரத்தில் யார் வித்தியாசமான கல்லைக் கண்டெடுத்தாலும் அது என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். இப்போது வாட்ஸ்அப்பில் படமாகவும் வருகிறது. கேள்விகள் ஏழெட்டுக்கு மேல் இல்லை: முட்டையா, எலும்பா, மரமா, விண்கல்லா, தங்கமா? என் பதிலும் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்க முடியாமல், வரிசையாக எழுதி வைக்கிறேன். உங்கள் கல்லுக்குப் பொருந்துகிற தலைப்பை மட்டும் படித்தால் போதும். ஆனால் அடுத்த மூன்று பகுதிகள் எல்லோருக்கும் பொதுவானவை.

## எடுத்தவுடன் செய்யக் கூடாதவை

உடைக்காதீர்கள். "உள்ளே என்ன இருக்கு பாப்போம்" என்று சுத்தியலால் ஒரு போடு போட்டுவிட்டு, ஐந்து துண்டோடு வருகிறவர்கள்தான் அதிகம். உடைந்த கல்லில் எனக்குப் பாதி வேலை மிச்சம்தான், ஆனால் அது நல்ல மாதிரியாக இருந்திருந்தால் அதோடு போச்சு.

ஆசிட் ஊற்றிக் கழுவுவது, எண்ணெய் தடவிப் பளபளப்பாக்குவது, வார்னிஷ் அடிப்பது எதுவும் வேண்டாம். பழைய பல் துலக்கும் பிரஷ், வெறும் தண்ணீர், அவ்வளவுதான். கல் உதிர்கிற மாதிரி இருந்தால் தண்ணீரும் வேண்டாம்.

மண்ணுக்குள் பாதி புதைந்திருந்தால் தோண்டி எடுக்காமல் முதலில் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயமோ பேனாவோ வைத்து எடுங்கள். பின்னால் கை தெரிகிற மாதிரி எடுக்கும் படம் அளவைச் சொல்லாது, குழந்தைக் கையா பெரியவர் கையா என்று எனக்குத் தெரியாது.

## எங்கே கிடைத்தது?

கல்லைப் பார்ப்பதற்கு முன் நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான். பாதிக் கேஸ் இதிலேயே முடிந்துவிடும்.

அரியலூர், பெரம்பலூர், திருச்சியின் லால்குடிப் பக்கம் என்றால் உட்கார்ந்து பார்க்கலாம். டைனோசர்கள் இருந்த கடைசிக் காலகட்டமான கிரிடேசியஸ் காலத்தில் இங்கே கடல் ஏறி நின்றிருக்கிறது. பத்துக் கோடி வருஷத்துக்கு முந்தைய சிப்பியும் நத்தையும் ஓடைக் கரையில் கிடக்கின்றன. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரை, கடலூர் மணற்கல் பகுதி என்றால் கல்லான மரம் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து வெளிறிய களிக்கல்லில் இலைப் பதிவுகள் கிடைத்திருக்கின்றன. ராமேசுவரம் என்றால் பவளப்பாறை, ஆனால் டைனோசரோடு ஒப்பிட்டால் அது நேற்று வந்தது.

சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி, கோவை, மதுரை என்றால்? அங்கே தரைக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் பூமியின் ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறிய பழைய பாறை. அதில் ஓடும் எலும்பும் தங்காது. அந்தப் பாறையிலிருந்து "டைனோசர் எலும்பு" வந்தால் நான் படத்தைத் திறக்காமலே பதில் போட்டுவிடுவேன்.

ஒரு பொறி உண்டு. கல் பார்த்த இடத்தில்தான் பிறந்தது என்று நினைக்கக் கூடாது. நாமக்கல் பக்கத்திலிருந்து ஒருவர் அருமையான சிப்பிக் கல் அனுப்பினார். "எங்க வீட்டு வாசல்ல கிடந்துச்சு சார்" என்றார். நானும் இரண்டு நாள் குழம்பினேன். கடைசியில் விசாரித்தால், வாசலை மேடாக்க யாரோ லாரியில் இறக்கிய மண். ஜல்லி, கிராவல், பழைய வீட்டு இடிபாடு, கோயில் திருப்பணிக் கல், ஆற்றில் உருண்டு வந்தது எல்லாம் இந்தக் கணக்குத்தான். பாறையில் ஒட்டியே இருந்ததா, தனியாகக் கிடந்ததா என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

## வீட்டில் வேண்டிய சாமான்

ஒரு இரும்பு ஆணி, உடைந்த கண்ணாடித் துண்டு (ஓரத்தை டேப் ஒட்டி மூடிக்கொள்ளுங்கள்), பளபளப்பு இல்லாத பின்பக்கம் தெரிகிற ஒரு வெள்ளை டைல்ஸ் துண்டு, நூலில் கட்டித் தொங்கவிட்ட சின்னக் காந்தம், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், எலுமிச்சம்பழம் அல்லது வினிகர், சமையலறை டிஜிட்டல் தராசு.

தராசை வைத்து அடர்த்தி பார்ப்பது இப்படி. முதலில் கல்லை எடை போடுங்கள். அப்புறம் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துத் தராசில் ஏற்றி, எடையைப் பூஜ்யம் ஆக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியில் படாமல், முழுக்க முங்குகிற மாதிரி தொங்கவிடுங்கள். தராசு காட்டுகிற எண்தான் கல்லின் கன அளவு. முதல் எடையை இதால் வகுக்க வேண்டும். 530 கிராம் கல்லுக்கு 200 காட்டினால் 2.65, அது வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) அளவு. இந்த ஒரு எண் பல சண்டைகளைத் தீர்த்திருக்கிறது.

கல்லை அடையாளம் காட்டுவதாகச் சொல்லும் கைப்பேசி ஆப்களை நான் நம்புவதில்லை. கறுப்பாக எதைக் காட்டினாலும் விண்கல் என்கின்றன. அடுப்புக்கரியைக் காட்டிப் பார்க்கவில்லை, பார்த்தால் அதையும் சொல்லும்.

## உருண்டையாக, முட்டை மாதிரி இருக்கிறது

எனக்கு வருவதில் பாதி இதுதான். "மாமா, டைனோசர் முட்டை!" என்று பக்கத்துத் தெருப் பையன் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து நிற்பான். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளத்தில் மண் எடுத்தபோது வந்த பெரிய உருண்டைகளை டைனோசர் முட்டை என்று ஊரே பேசியது. படம் நாடு முழுக்கச் சுற்றியது. புவியியல் ஆட்கள் போய்ப் பார்த்து, அவை அம்மோனைட்டை, அதாவது சுருள் ஓட்டோடு வாழ்ந்து அழிந்துபோன ஒரு கடல் உயிரியைச் சுற்றிப் படிவு இறுகிய உருண்டைகள் என்றார்கள். அதற்குப் பிறகு என் திண்ணையில் கூட்டம் இரட்டிப்பானது.

சாதாரணமானதிலிருந்து அபூர்வமானது வரை இந்த வரிசையில் பாருங்கள்.

ஆற்றுக் கூழாங்கல்லா? மேற்பரப்பு முழுக்க வழுவழு, கண்ணாடியில் தேய்த்தால் கீறுகிறது, அடர்த்தி 2.6 சுற்றுவட்டம். உருண்டு தேய்ந்த வெங்கச்சங்கல் அல்லது கருங்கல். முடிந்தது.

சுக்காங்கல்லா? வெள்ளை அல்லது சாம்பல் நிறம், மேடும் பள்ளமும், உருளைக்கிழங்கு மாதிரி கோணல். ஆணியால் சுரண்டி அந்தப் பொடியில் எலுமிச்சைச் சாறு விட்டால் பொங்கும். கரிசல் மண் உள்ள ஊரில் காலில் இடறுவதெல்லாம் இதுதான்.

பாஸ்பேட் முடிச்சா? ஊட்டத்தூர், காரைப் பக்கத்துக் களிமண்ணில் மழைக்குப் பிறகு வெளியே வரும். பழுப்பு நிறம், கைக்கு அடக்கமான அளவு. உடைந்ததைப் பார்த்தால் உள்ளேயும் வெளியேயும் பெரிய வித்தியாசம் தெரியாது.

படிவு உருண்டையா? கால்பந்து அளவுக்கும் மேலேயும் வரும். ஒரு சிப்பியோ நத்தையோ மையமாக இருக்க, சுற்றிலும் சுண்ணாம்பு இறுகியது. வெங்காயம் மாதிரி வட்டமாகப் பொரிந்து உதிரும். உடைந்த பக்கத்தில் சுருளின் விளிம்பு தெரிந்தால் பின்னால் வரும் சுருள் பகுதிக்குப் போங்கள், உங்களுக்கு யோகம்தான்.

உண்மையிலேயே முட்டையா? முட்டை என்றால் ஓடு இருக்க வேண்டும். லென்ஸில் பார்த்தால் வெளியே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனில் தனியாக ஒரு தோல், உள்ளே இருக்கும் கல்லிலிருந்து நிறத்தில் பிரிந்து தெரியும். ஓட்டின் மேல் சீராகப் புள்ளி புள்ளியாகப் புடைப்பு, நடுவே நுண்ணிய துளைகள். பக்கத்தில் வளைந்த ஓட்டுச் சில்லுகள் சிதறிக் கிடக்கும். ஒற்றை முட்டை தனியாக உட்கார்ந்திருப்பது அபூர்வம். குழியில் கூட்டமாகத்தான் இருக்கும். 2009-ல் செந்துறைப் பக்கத்தில் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்படிக் கொத்துக் கொத்தாகப் பார்த்ததாகத்தான் அறிவித்தார்கள்.

ஆளை, அதாவது புவியியல் படித்த நிபுணரைக் கூப்பிட வேண்டிய இடம்: தனி ஓடு தெரிந்தால். அளவு, வடிவம், "பார்த்தா அப்படியே முட்டை" இதெல்லாம் காரணம் ஆகாது.

## எலும்பு மாதிரி இருக்கிறது

முதலில் மாட்டு எலும்பை விலக்குங்கள். நூற்றில் தொண்ணூறு என்று சொன்னால் மிகையாகத் தெரியும், ஆனால் என் அனுபவம் அதற்குப் பக்கத்தில்தான். எடை லேசாக இருக்கிறதா? தட்டினால் மரச் சத்தமா, ஓட்டுச் சத்தமா? கல்லான எலும்பு கனக்கும், பீங்கானைத் தட்டினது போல ஒலிக்கும். சந்தேகம் என்றால் உதிர்ந்த சின்னத் துணுக்கைக் கம்பியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். முடி கருகுகிற நாற்றம் வந்தால் அது புது எலும்பு.

அடுத்தது வேர்க்கூடு. தெற்குக் கடலோரத்து மணல்மேடுகளில் செடியின் வேரைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்து, வேர் மக்கிப்போய், குழாய் மட்டும் நிற்கும். பார்த்தால் விரல் எலும்பு, கை எலும்பு என்று சத்தியம் செய்யலாம் போல இருக்கும். நடுவே ஒழுங்கில்லாத ஓட்டை, கிளை கிளையாகப் பிரிவது, மேலிருந்து கீழே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போவது இருந்தால் வேர். எலும்பு கிளை விடாது.

பிறகுதான் லென்ஸ். உடைந்த பக்கத்தைப் பாருங்கள். வெளியே நெருக்கமான ஒரு சுவர், உள்ளே பன்ரொட்டி மாதிரி துளைத் துளையான அமைப்பு, இரண்டும் சேர்ந்து இருந்தால் எலும்பு. அந்தத் துளைகளில் கால்சைட்டோ (சுண்ணாம்புக் கனிமம்) இரும்புத் துருவோ நிரம்பியிருந்தால் பழைய எலும்பு. நாக்கில் வைத்தால் ஒட்டும் என்று ஒரு சோதனை சொல்வார்கள். காய்ந்த களிமண்ணும் ஒட்டும், தவிர அது எங்கே கிடந்தது என்று நமக்குத் தெரியாது. நான் செய்வதில்லை.

பல் என்றால் சுலபம். சுறாப் பல் முக்கோணமாக, பளபளவென்று இருக்கும். எனாமல் அத்தனை கோடி வருஷத்தையும் தாங்கும். அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறையில் அது கிடைப்பதுண்டு.

இந்தத் தலைப்பில் சீக்கிரமாகவே ஆளைக் கூப்பிடச் சொல்வேன். அரியலூர்ப் பக்கத்துக் கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்ட எலும்புகளை வைத்து 1987-ல் ஆய்வாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். உலகத்திலேயே பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம் என்று இன்றும் பேச்சு இருக்கிறது. ஆனால் எடுத்துக்காட்ட எலும்பு இல்லை. ஈரத்திலும் காய்தலிலும் நொறுங்கி மண்ணாகிவிட்டது. அனுபவசாலிகள் கையிலேயே அப்படி என்றால், நாம் கடப்பாரையோடு போனால் என்ன மிஞ்சும்? களிமண்ணில் பெரிய எலும்பு தெரிந்தால், மேலே தார்பாய் போட்டு மூடிவிட்டு ஆளை வரச் சொல்லுங்கள்.

மனித எலும்பு போலத் தெரிந்தாலோ, பக்கத்தில் பானை ஓடு, தாழி இருந்தாலோ மேலே சொன்ன சோதனை எதுவும் வேண்டாம். கை வைக்காமல் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். அது புதைபடிவ விஷயமே இல்லை.

## மரம் மாதிரி இருக்கிறது, ஆனால் கனக்கிறது

இங்கே நல்ல செய்திக்கு வாய்ப்பு அதிகம்.

கண்ணாடியில் தேயுங்கள். கீறினால் சிலிக்கா, கல்லான மரமாக இருக்கலாம். கீறாமல் ஆணியாலேயே சுரண்ட முடிந்து, சாறு விட்டால் பொங்கினால் வெறும் சுண்ணாம்புப் படிவாக இருக்கலாம். அடுத்து, நீளவாக்கில் நார் ஓடுகிறதா, குறுக்குவெட்டில் லென்ஸ் வைத்தால் நுண்ணிய துளைகள் வரிசையாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். இரண்டும் வேண்டும். வளையம் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெப்பமான இடத்தில் வளர்ந்த மரத்தில் வளையம் தெளிவாக இருக்காது. மாறாக வரிவரியான நைஸ் பாறையில் அழகான பட்டை தெரியும். பட்டை கல் முழுக்க ஒரே திசையில், தட்டையாகப் போனால் பாறை. மையத்தைச் சுற்றி வளைந்தால் மரம்.

நார் நாராகக் கையோடு பிரிந்து வந்தால் நிறுத்துங்கள். அது கல்நாராக இருக்கலாம். பொடியை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்குக் கேடு. தேய்க்காமல், ஊதாமல், ஈரத்துணியில் சுற்றி பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, கை கழுவுங்கள்.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் கல்மரத்தை 1940-ல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து சொன்னார். திருவக்கரையில் இரண்டு கோடி வருஷத்து மரங்கள் கிடக்கின்றன. ஒரு தடவை இந்த இரண்டில் ஒன்றுக்குப் போய் அசலைப் பார்த்துவிட்டால் பிறகு என்னைக் கேட்கவே வேண்டாம், கண் பழகிவிடும். இரண்டுமே தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்கள். "அங்கே பொறுக்கினது" என்று ஒரு சில்லைக் கொண்டுவந்தால் நான் வாங்கிப் பார்க்க மாட்டேன்.

ஆளைக் கூப்பிடுவது: தண்டு பெரிதாக, மண்ணில் பதிந்தபடி இருந்தால் உடனே. கைத்துண்டு என்றால், என்ன மரம் என்று தெரிய வேண்டுமானால் மட்டும். அதற்குக் கல்லைத் தாளை விட மெல்லிய தகடாக அறுத்துத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். வீட்டு வேலை இல்லை.

## சுருள், சிப்பி, தோட்டா மாதிரி வடிவம்

இந்த வடிவங்களில் ஏமாற்று குறைவு. பாறைக்குள் பதிந்திருந்தால் பெரும்பாலும் புதைபடிவமேதான். என்ன இனம் என்பதுதான் கேள்வி.

சுருள் ஒரே தளத்தில், சுருட்டி வைத்த பாய் மாதிரி தட்டையாக இருந்தால் அம்மோனைட் அல்லது அதன் உறவான நாட்டிலஸ். ஒரு பக்கம் கூம்பாக ஏறினால் நத்தை. முதல் இரண்டையும் பிரிக்க, ஓடு உரிந்த இடத்தில் தெரியும் கோடுகளைப் பாருங்கள்: கொத்தமல்லி இலை ஓரம் போல நெளிநெளியாக இருந்தால் அம்மோனைட், சாதாரணமாக வளைந்தால் நாட்டிலஸ். நேபாளத்துக் கண்டகி ஆற்றிலிருந்து வரும் சாளக்கிராமமும் அம்மோனைட் அடையாளம்தான், ஆனால் அது இமயமலைப் பாறையில் பிறந்தது. பூஜை அறையில் இருப்பதை எடுத்துக்கொண்டு வந்து "இது நம்ம ஊர்க் கல்லா?" என்று கேட்டவர்கள் உண்டு. சிமென்ட்டிலும் பிசினிலும் வார்த்து விற்பதும் உண்டு: அச்சின் இணைப்புக் கோடு, காற்றுக் குமிழ், கல்லுக்குச் சேராத லேசான எடை இவற்றைக் கவனியுங்கள்.

காரையின் செம்மண் பள்ளங்களில் சுண்டுவிரல் பருமனில், ஒரு முனை கூரான தோட்டா மாதிரி கிடப்பது பெலம்னைட். கணவாய் மீனுக்குத் தூரத்துச் சொந்தம். உடைந்த முனையில் மையத்திலிருந்து ஆரம் ஆரமாக நார் தெரிந்தால் சந்தேகமே இல்லை.

கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் தடித்த ஓட்டுச் சிப்பிகள் அடுக்கடுக்காக இருக்கும். உள்ளங்கையை விடப் பெரிதாகவும் வரும். அதை வைத்துக்கொண்டு கோடிக் கணக்கில் விலை போகும் என்று கனவு காண வேண்டாம், சிமென்ட் ஆலைக்கு டன் டன்னாகப் போவதே அதுதான். கருடமங்கலத்துச் சிப்பிக்கல்லை மெருகேற்றினால் குறுக்கே வெட்டுப்பட்ட ஓடுகள் பூ வேலைப்பாடு போலத் தெரியும். திருச்சிராப்பள்ளிச் சலவைக்கல் என்று அதற்குப் பெயரே உண்டு.

ஒரே ஒரு சந்தேகம்: பாறையில் ஒட்டாத, லேசான, வெளுத்த சிப்பி என்றால் பழைய சுண்ணாம்புக் காளவாய்க்கு வந்தது, அல்லது யாரோ கடற்கரையிலிருந்து கொண்டுவந்தது. ஆளைக் கூப்பிடத் தேவையில்லை.

## இலை, பாசி மாதிரி படம் தெரிகிறது

தரைக்குப் போடும் கல்லைப் பிளந்தவுடன் கறுப்பில் பெரணிச் செடி. அவ்வளவு அழகாக இருக்கும், புதைபடிவம் இல்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். அது மாங்கனீசு, விரிசலில் இறங்கிய தண்ணீர் வரைந்த கோலம்.

இலை என்றால் நடு நரம்பு இருக்கும், ஓரம் முடியும். மாங்கனீசுப் படம் விரிசலின் விளிம்பிலிருந்து தொடங்கி உள்ளே பரவும், நடு நரம்பு இராது, கிளைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. பாறை படுகையாகப் பிளக்கிற தளத்தில் இல்லாமல் குறுக்கே ஓடும் விரிசலில் இருந்தால் முடிவே செய்துவிடலாம். தேரணிப் பக்கத்து வெள்ளைக் களிமண்ணில் வருவது வேறு விஷயம்: சீப்புப் பல் போல இரண்டு பக்கமும் சிறு இலைகள் அடுக்கிய டைலோஃபில்லம் என்ற பழங்காலச் செடியின் பதிவு அங்கே உண்டு. அந்தக் களி ஈரம் பட்டால் குழைந்துவிடும், கழுவவே கூடாது. செய்தித்தாளில் சுற்றி நிழலில் வையுங்கள்.

## கறுப்பாக, கனமாக, காந்தம் ஒட்டுகிறது

"வானத்துலேர்ந்து விழுந்துச்சு" என்பார்கள். விழுந்ததைப் பார்த்தீர்களா என்றால், இல்லை, அடுத்த நாள் வயலில் கிடந்தது.

பலமான நியோடிமியம் காந்தத்தை வைக்காதீர்கள். உண்மையான விண்கல்லாக இருந்தால் அதில் பதிந்திருக்கும் ஆதிகாலக் காந்தத் தடயம் அழிந்துவிடும். நூலில் தொங்கும் சின்னக் காந்தம் சாய்கிறதா என்று பார்த்தால் போதும். சாயவில்லை என்றால் அநேகமாக விண்கல் இல்லை. பெரும்பாலான விண்கற்களில் இரும்பு இருக்கிறது. சாய்ந்தால்:

குமிழ் ஓட்டைகள் இருக்கின்றனவா? வழிந்து ஓடிய அடையாளம், கண்ணாடிப் பளபளப்பு? இருந்தால் இரும்புக் கிட்டம். சிட்டம் என்றும் சொல்வார்கள். பழைய கொல்லுப்பட்டறை, உலை இருந்த எந்த ஊரிலும் கிடைக்கும். கொடுமணல் மாதிரி இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே இரும்பு உருக்கிய ஊர்கள் நம்மிடம் உண்டு. அதனால் கிட்டம் மேடாகக் குவிந்து கிடந்தால் தொல்லியல் துறைக்குச் சொல்வது நல்லது. விண்கல் கிடைத்ததை விட அது சின்ன விஷயம் இல்லை.

ஓட்டை இல்லை என்றால் டைல்ஸின் பின்பக்கம் அழுத்தித் தேயுங்கள். செம்பழுப்புக் கோடு ஹேமடைட். கறுப்புக் கோடு மேக்னடைட். இரண்டும் இரும்புத் தாதுதான். சேலம் கஞ்சமலைப் பக்கம் என்றால் மேக்னடைட் ஏராளம். விண்கல் பெரும்பாலும் கோடே போடாது.

இதையும் தாண்டினால் அடர்த்தி பாருங்கள். கல் வகை விண்கல் 3.3 முதல் 3.7 வரை, இரும்பு வகை 7-க்கு மேல். வெளியே ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய கறுப்புத் தோல், உடைந்த மூலையில் உள்ளே வெளிர் சாம்பல், அதில் உலோகப் புள்ளிகள், மேலே பிசைந்த மாவில் கட்டைவிரல் பதித்த மாதிரி பள்ளங்கள். இத்தனையும் கூடி வந்தால் ஆளைக் கூப்பிடுங்கள். அறுத்து, தேய்த்து, பங்கு போடாதீர்கள். விழுந்த விண்கற்களுக்குப் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. இத்தனை வருஷத்தில் என் திண்ணைக்கு வந்ததில் இந்தக் கடைசிப் படியைத் தாண்டியது ஒன்றுகூட இல்லை.

## மின்னுகிறது

சுருக்கமாகச் சொல்கிறேன். தகடு தகடாக நகத்தால் உரிந்தால் காக்காப்பொன், அதாவது மைக்கா. பெயரிலேயே பதில் இருக்கிறது. பித்தளை நிறத்தில் கனசதுரமாக இருந்து, டைல்ஸில் பச்சை கலந்த கறுப்புக் கோடு போட்டால் பைரைட். தங்கம் டைல்ஸிலும் தங்க நிறமாகத்தான் கோடு போடும், சுத்தியல் பட்டால் நொறுங்காமல் நசுங்கும்.

கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தால்: நகம் கீறினால் ஜிப்சம் (காரையில் களிமண் வெடிப்புகளில் தகடாக நிற்கும்), ஆணி கீறினால் கால்சைட், அது கண்ணாடியைக் கீறினால் வெங்கச்சங்கல். கண்ணாடியைக் கீறியதால் வைரம் என்று முடிவு கட்டாதீர்கள். வெங்கச்சங்கல்லையே கீறுகிறது, ஆறு பக்கப் பீப்பாய் வடிவம், செந்நிறம் அல்லது சாம்பல் நிறம் என்றால் குருந்தக்கல். ஆங்கிலத்தில் அதற்கு இருக்கும் பெயரே நம் குருந்தத்திலிருந்து போனதுதான். கரூர், காங்கேயம் பக்கமென்றால் ஒரு ரத்தினக்கல் பரிசோதகரிடம் காட்டலாம். மற்றபடி பரிசோதனைக் காசு கல்லின் விலையைத் தாண்டிவிடும்.

## ஓரம் கூராக, யாரோ செதுக்கினது மாதிரி

ஆற்றில் உடைந்த கல்லிலும் ஒன்றிரண்டு சில்லுப் பெயர்ந்திருக்கும். ஆனால் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சில்லு எடுத்து, ஒரு முனை கூராக, மறுமுனை கைக்குள் அடங்குகிற மாதிரி இருந்தால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். 1863-ல் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் சென்னைப் பக்கத்துப் பல்லாவரத்தில் எடுத்தது அப்படி ஒரு கல்தான். அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரிகளுக்கு 15 லட்சம் வருஷம் கணக்கிட்டிருக்கிறார்கள். இதைக் கழுவவும் வேண்டாம், பக்கத்தில் இன்னும் தேடிக் கிளறவும் வேண்டாம். இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குப் போங்கள்.

## எதிலும் சேரவில்லை

அப்படியும் வரும். அப்போது ஒரு பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கோ, சென்னையில் இருக்கும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அலுவலகத்துக்கோ எழுதுங்கள். அரியலூர்ப் பக்கம் இருப்பவர்கள் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் உள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுதலாம். கல்லைப் பார்சல் அனுப்பாதீர்கள். படம் போதும், வேண்டுமென்றால் அவர்களே கேட்பார்கள்.

படம் இப்படி: காய்ந்த நிலையில் இரண்டு, தண்ணீர் நனைத்து இரண்டு (உதிர்கிற, குழைகிற கல்லை நனைக்காதீர்கள்), ஏற்கெனவே உடைந்த பக்கம் இருந்தால் அதைக் கிட்டத்தில் வைத்து ஒன்று. வெயில் பக்கவாட்டில் விழ, நாணயத்தோடு. கடிதத்தில் கிடைத்த ஊர், கைப்பேசி காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, பாறையில் இருந்ததா தனியாகக் கிடந்ததா, எடை, அடர்த்தி, ஆணி கீறியதா, சாறு பொங்கியதா, காந்தம் சாய்ந்ததா. "இது டைனோசரா?" என்று தலைப்புப் போடாதீர்கள், திறக்காமலே விட்டுவிடுவார்கள். "இந்த இடத்தில் கிடைத்த கல், இந்தச் சோதனை முடிவுகள்" என்று போடுங்கள்.

பதில் வரும்வரை கல்லை ஒரு அட்டைப் பெட்டியில், கிடைத்த இடமும் தேதியும் எழுதிய சீட்டோடு வையுங்கள். சீட்டைப் பென்சிலில் எழுதுங்கள். மை ஈரத்தில் கரைந்துவிடும். என் அலமாரியில் அப்படிப் பெயர் தொலைந்த கற்கள் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன.